வீட்டுப் பயணி

பாலைவனத்துக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது செவ்வந்திதான். எந்தப் பாலைவனம் என்ற கேள்வியில்தான் வீடு இரண்டுபட்டது.

செவ்வந்திக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் அவள் சொன்னபடி கேட்டதில்லை. அவள் வாயோ யார் சொன்னபடியும் கேட்டதில்லை. நடமாட்டம் முழுவதும் ஒரு மின்சார நாற்காலியில். அம்மா வெண்பா வான்டாக்சி ஓட்டுகிறவள். நாலு பேர் உட்காரும் மின்விமானத்தில் பொள்ளாச்சியிலிருந்து மூணாறுக்கும் மைசூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது வேலை. அப்பா தரணிதரனுக்குத் தேங்காய் மண்டி. அண்ணன் வேந்தன் கல்லூரியில் முதல் வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி விமானத்தை வெண்பா தன் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு தடவைக்குத்தான் இத்தனை அடிதடியும்.

"பாலைவனம் எதுக்கு அம்மிணி? கடலுக்குப் போலாமே," என்றார் தரணிதரன்.

"நம்மூருல எங்க திரும்புனாலும் ஒரு தென்னமரம் குறுக்க நிக்குதுங்ப்பா. குறுக்க ஒண்ணுமே நிக்காத எடத்த ஒருக்காப் பாக்கணும்."

வான்பயண வாரியத்தின் பட்டியலை வேந்தன் சுவரில் விரித்துப் போட்டான். நாட்டிலுள்ள பாலைவனங்களுக்கெல்லாம் அழகுக்கு இவ்வளவு, வசதிக்கு இவ்வளவு என்று வாரியம் மதிப்பெண் போட்டிருந்தது. ராஜஸ்தான் மணல்மேடுகள் தொண்ணூற்று நான்கு வாங்கி முதலிடத்தில் நின்றன. ஒட்டகம், மணல் சறுக்கு, சூரியன் விழும் நேரத்துக்கு மேளக்காரர்கள். பட்டியலின் அடியில், பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட பையனைப் போல, கட்ச் உப்புப் பாலைவனம் முப்பத்தொன்றோடு நின்றது. குறிப்பு என்ற கட்டத்தில் வாரியம் ஒரே வரி எழுதியிருந்தது: 'பார்ப்பதற்கு எதுவும் இல்லை.'

"இதுதான்," என்றாள் செவ்வந்தி.

"லூசா நீ?" என்றான் வேந்தன். "உப்பப் பாக்கறதுக்கு ஆயிரத்தி ஐநூறு கிலோமீட்டரா? சமையல்கட்டுல ஒரு டப்பா நிறைய இருக்குது, போய்ப் பாரு."

"அண்ணா, மணல்ல உன்ற காலு போகும். என்ற சக்கரம் போகுமா?"

வேந்தனுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கச் சட்டென்று ஒரு சமாதானம் சொன்னான். "நீ எதுக்கு மணல்ல எறங்கற? நான் பட்டையப் போட்டுக்கறேன். நீ இங்கிருந்தே பாரு. போன வருஷம் மாதிரி."

பட்டை என்றால் உடன்கண். நெற்றியில் கட்டிக்கொள்ளும் இரண்டு விரல் அகலப் பட்டை. ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினால், வீட்டில் இன்னொரு பட்டையோடு படுத்திருப்பவருக்கு அவர் பார்ப்பது தெரியும், கேட்பது கேட்கும், அவர் முகத்தில் அடிக்கும் காற்று இங்கே முகத்தில் அடிக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அது வந்தபோது ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. படுக்கையில் கிடந்தவர்கள் பேரன் கல்யாணத்தைப் பார்த்தார்கள். அதில் பொய்யில்லை, அழுதவர்கள் கண்ணீரிலும் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பேருந்துகளில் சக்கர நாற்காலிக்கென்று இருந்த இடத்தில் இன்னும் இரண்டு இருக்கைகள் வந்தன. பள்ளிக்கூடத்துச் சாய்வுப் பாதையை இடித்துவிட்டு சைக்கிள் நிறுத்த இடம் கட்டினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'உடன்கண் வசதி உண்டு' என்று அச்சடித்தார்கள். வராதே என்பதை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? நாற்காலிக்காரர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அரசாங்கம் ஆளுக்கொரு உடன்கண் அட்டை கொடுத்தது. அட்டை இருப்பவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் வந்தது: வீட்டுப் பயணி.

போன வருஷம் குற்றாலம் போனார்கள். செவ்வந்தி வீட்டில் அத்தை துணையோடு படுத்திருக்க, வேந்தன் பட்டையைக் கட்டிக்கொண்டு போனான்.

"போன வருஷம் என்ன பாத்தேன்னு சொல்லட்டுமா?" என்றாள் செவ்வந்தி. "அருவிக்கு முன்னாடி அண்ணன் ஒரு கல்லு மேல உக்காந்து போன்ல கிரிக்கெட் பாத்தான். ஒண்ணேகால் மணி நேரம். நானும் கிரிக்கெட்தான் பாத்தேன். பொறவு அவனுக்கு மூக்கு அரிச்சுது. எனக்கும் அரிச்சுது. அவன் சொறிஞ்சாத்தான் எனக்கு நிக்கும். அவன் சொறியவே இல்ல."

வேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். தரணிதரன் சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்று தெரிந்து நிறுத்தினார். வெண்பாவுக்குத்தான் எங்கேயோ வலித்தது. அன்றைக்கு அருவியில் அவள் நிம்மதியாகக் குளித்திருந்தாள். படிக்கட்டு எங்கே, கழிப்பறை எங்கே, நாற்காலியை யார் தூக்குவது என்று எண்ணாமல் பதின்மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தலையை அருவிக்குக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருந்ததற்காக இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உப்புத் தரை கெட்டியா இருக்குமா?" என்று கேட்டாள்.

"தை மாசம் காஞ்சு பாறையாட்டம் கெடக்கும்மா. லாரியே ஓடுது. படம் பாத்துட்டேன்," என்றாள் செவ்வந்தி.

"அப்பப் பொங்கலுக்கு அடுத்த நாளு கெளம்பறோம். உப்புக்கு," என்றாள் வெண்பா. "நாலு பேரும். நாற்காலியும்."

சிறு விமானத்தில் ஏறுகிற எல்லாவற்றுக்கும் எடை எழுதிக் கொடுக்க வேண்டும். வெண்பாவின் விமானம் ஆளும் மூட்டையுமாக முந்நூற்று நாற்பது கிலோ தாங்கும். வீட்டுத் தராசை நம்பக்கூடாது என்பது தரணிதரன் கொள்கை. எல்லாரையும் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், கொப்பரை மூட்டை நிறுக்கும் மேடையில் ஒவ்வொருவராக ஏற்றினார். மண்டி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தரணிதரன் தன் முறை வந்தபோது செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கடைசியில் மோதிரத்தையும் கழற்றிப் பார்த்தார். முள் எண்பத்து நாலை விட்டு அசையவில்லை. படிவத்தை அவரே நிரப்பி அனுப்பினார்.

மறுநாளே பதில் வந்தது. அனுமதி இல்லை. காரணம்: எடை கூடுதல், முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ.

தரணிதரன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அம்பது கிலோ அதிகம். மூட்டையவே கொண்டுட்டுப் போகலீன்னாக்கூடப் பத்தாது." அப்புறம் மகளைப் பார்க்காமல் சொன்னார். "நாற்காலிய விட்டுட்டுப் போலாம் கண்ணு. ரெண்டு நாள்தான? நான் தூக்கிக்கறேன். நீ என்ன கனமா?"

"வேண்டாமுங்ப்பா."

"அட, என்ற புள்ளயத் தூக்க எனக்கு என்ன..."

"நான் தேங்கா மூட்டை இல்லீங்ப்பா. நீங்க எறக்கி வெச்ச எடத்துல உக்காந்து, நீங்க திருப்புன பக்கம் பாக்கறதுக்குப் பட்டையே தேவலாம்."

தரணிதரன் அன்பில் குறை வைக்காத மனிதர். அன்பு போதாது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எழுந்து பின்வாசல் பக்கம் போய் நின்றார். வெண்பா அந்தப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். எடைக்கணக்கு அவளுடைய தொழில். நாலாவது வரியில் விரல் நின்றது.

"ஏங்க! இங்க வாங்க. செவ்வந்தி எத்தன கிலோ?"

"தொண்ணூத்தி நாலு," என்று அங்கிருந்தே குரல் வந்தது.

"தொண்ணூத்தி நாலா? உங்களவிடப் பத்துக் கிலோ அதிகமா இந்தப் புள்ள?"

தரணிதரன் உள்ளே வந்தார். "நாற்காலியோட நிறுத்தேன்ல. அதான் கீழ நாற்காலி அம்பத்தெட்டுன்னு தனியாப் போட்டேன். கழிச்சுக்குவாங்கன்னு."

"யாரு கழிப்பாங்க?"

அவர் விழித்தார். மண்டியில் முப்பது வருஷப் பழக்கம் அது. வண்டியைச் சரக்கோடு நிறுப்பது, வண்டி எடையைக் கீழே எழுதுவது, கடைசி வரியில் கழிப்பது. வாரியத்துப் படிவத்தில் கழிக்கிற வரி கிடையாது. கூட்டுகிற வரி மட்டும்தான் உண்டு. மகளை நாற்காலியோடு ஒரு தடவையும், நாற்காலியை மறுபடி ஒரு தடவையும் விமானத்தில் ஏற்றியிருந்தார் மனிதர்.

வெண்பா வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "புள்ள முப்பத்தாறு. உங்குளுது எம்பத்தி நாலு. நானு அறுபத்தி ஒண்ணு. வேந்தன் அறுபத்தெட்டு. நாற்காலி அம்பத்தெட்டு. மூட்டை இருபத்தஞ்சு. முந்நூத்தி முப்பத்திரண்டு!"

"எட்டுக் கிலோ மிச்சம்!" என்று கத்தினான் வேந்தன். அப்பாவை மூன்று பேரும் சேர்ந்து ஓட்டிய ஓட்டில் அவர் தன் பங்குக்கு வெட்கப்பட்டு, சிரித்து, கடைசியில் அன்றைக்கு எல்லாருக்கும் தானே தோசை சுட்டுப் போட்டார்.

திருத்திய படிவம் போனது. இரண்டு நாளில் பதில் வந்தது. எடை சரி என்று பச்சையில் எழுதி, கீழே சிவப்பில் அதே இரண்டு வார்த்தை. அனுமதி இல்லை.

வெண்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எடையெல்லாம் ஒரு சாக்கு. முதல் தடவை எடையைக் காட்டிச் சொன்னதால் இந்தச் சிவப்பு வார்த்தைகள் நியாயமாகத் தெரிந்தன. இப்போது அவை உடுப்பில்லாமல் நின்றன.

வாரியத்துக்குக் கூப்பிட்டாள். எடுத்தவன் தன் பெயர் சேர்மதுரை என்றான், அனுமதிப் பிரிவு. இளைஞன் குரல், தெற்கத்திப் பேச்சு.

"சொல்லுங்கக்கா. படிவத்தப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எடை சரியா இருக்குதா, தம்பி?"

"எட்டுக் கிலோ குறைச்சலாவே இருக்கு."

"வானிலை, பாதை, என்ற லைசென்சு?"

"எல்லாம் சரியாத்தாங்க்கா இருக்கு."

"அப்ப எதுக்கு மறுத்தீங்க?"

"பாப்பாகிட்ட உடன்கண் அட்டை இருக்குல்லா. அட்டை உள்ளவங்க வீட்டுப் பயணி. அவங்களுக்கு மாத்து வழி இருக்கதால, சின்ன விமானத்துல நாற்காலிக்கு இடம் ஒதுக்க வேண்டாம்னு விதி. ஆபத்துன்னா தூக்கிட்டு ஓட முடியாதுன்னு காரணம் சொல்லுவாவ."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? விதியச் சொல்லுதேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா உப்புத்தரைய எடுத்தது நல்ல யோசனை பாத்துக்கிடுங்க. எங்க ஊரு திசையன்விளை. பக்கத்துலயே தேரி, செக்கச்செவேல்னு மணலு. பாக்க அம்புட்டு அழகு. சக்கரம் நாலடி போகாது."

இவனுக்கு அது எப்படித் தெரியும் என்று வெண்பா கேட்கவில்லை. அவளுக்கு இருந்த கோபத்தில் அது காதில் விழுந்ததே அதிகம்.

"சரி. அட்டை இல்லாட்டி?"

"என்னக்கா?"

"என்ற புள்ளகிட்ட அட்டையே இல்லீன்னா அவ யாரு?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அட்டை இல்லன்னா... சாதாரணப் பயணி. மறுக்க வழி இல்ல. ஆனா அக்கா, யோசிச்சுச் செய்யுங்க. திருப்பிக் கொடுத்துட்டா அஞ்சு வருஷத்துக்கு மறுபடி கிடைக்காது. பாப்பா பள்ளிக்கூடமே அதுலதான போகுது?"

அதுதான் விஷயம். செவ்வந்தி ஒன்பதாம் வகுப்புப் படிப்பது படுக்கையில் இருந்தபடி. வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பலகையில் பட்டையை மாட்டி வைத்திருப்பார்கள். கரும்பலகை தெரியும், டீச்சர் குரல் கேட்கும். அட்டை போனால் பள்ளிக்கூடமும் போகும். இரண்டு நாள் உப்பைப் பார்ப்பதற்கு அஞ்சு வருஷப் படிப்பா?

அன்று மாலை வெண்பா மகளிடம் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "வேண்டாம் சாமி. வேற எதாச்சும் பாப்போம்," என்றாள்.

செவ்வந்தி அழுவாள் என்று நினைத்திருந்தாள். அழவில்லை.

"ஸ்கூலுக்கு எத்தன படிம்மா?"

"என்ன?"

"வாசல்ல. ஆறு படி. அண்ணனோட பட்டையில எண்ணியிருக்கறேன். அந்த ஆறு படிக்காகத்தான் நான் வீட்டுல கெடக்கறேன். அட்டை இருக்கற வரைக்கும் அந்த ஆறு படிய யாரும் தொட மாட்டாங்க. நான்தான் அங்க இருக்கறேன்ல, பலகையில மாட்டிக்கிட்டு!"

"உள்ள உட மாட்டோம்னு சொன்னாங்கன்னா?"

"சொல்லட்டும். வாசல்ல நிப்பேன். தினமும் நிப்பேன். பட்டைய ஆஃப் பண்ணிரலாம்மா. என்னய ஆஃப் பண்ண முடியாதுல்ல?"

வெண்பாவுக்குப் பயம் வந்தது. இந்தப் பெண் தோற்றுவிட்டால்? வாசலில் நின்று நின்று ஒருநாள் வாய் ஓய்ந்துவிட்டால்? ஆனால் இத்தனை வருஷமாகத் தோற்காமல் இருக்கத்தானே இவளை வீட்டில் வைத்திருக்கிறோம் என்று தோன்றியபோது அவளால் எழுந்து போக முடியவில்லை. மகளின் தலைமுடியைக் கோதிவிட்டாள். "அப்பாகிட்ட நீயே சொல்லு," என்றாள்.

தரணிதரன் எல்லாவற்றையும் கேட்டார். மறுநாள் காலை மண்டியிலிருந்து இரண்டு பலகைகளைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். லாரிக்குள் மூட்டை உருட்டி ஏற்றும் பலகைகள். ஒன்றரை டன் பாரம் தாங்கியவை. ஆறு படிகளுக்கும் மேலாக அவற்றைச் சரித்துப் போட்டு, நழுவாமல் இருக்க அடியில் கொப்பரைச் சாக்கு வைத்து, தானே அதன்மேல் ஏறி இறங்கிக் குதித்துப் பார்த்தார். தலைமை ஆசிரியை ஓடி வந்தார்.

"என்ன சார் இது? அனுமதி வாங்காம..."

"என்ற புள்ள நாளையிலிருந்து நேர்ல வருதுங்க டீச்சர்."

"அதுக்குத்தான் உடன்கண் இருக்கே?"

"அதத் திருப்பிக் குடுத்துட்டோம்." இன்னும் கொடுக்கவில்லை. மண்டிக்காரருக்கு ஒரு நாள் முன்பின் பெரிய விஷயமில்லை. "பலகைய யாராச்சும் எடுத்தீங்கன்னா பரவால்லீங்க. மண்டியில இன்னும் நாப்பது கெடக்குது. தினம் ரெண்டு கொண்டாந்து போடுவேன்."

முதல் நாள் பலகை மேல் நாற்காலி ஏறியபோது வகுப்பே வராந்தாவில் நின்று பார்த்தது. பாதியில் சக்கரம் வழுக்கியது. செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். யாரையும் தொடவிடவில்லை. உள்ளே போய் முதல் பெஞ்சில் மாட்டியிருந்த பட்டையைத் தன் கையாலேயே கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். இரண்டாம் நாள் பலகைகளைக் காணோம். தரணிதரன் வேறு இரண்டு போட்டார். அவையும் காணாமல் போயின. ஐந்தாம் நாள் தலைமை ஆசிரியை காவலாளியைக் கூப்பிட்டு, "விடுப்பா. இவர் நிறுத்த மாட்டார் போல," என்று சொன்னதாகக் கேள்வி. அதற்கப்புறம் பலகைகள் அங்கேயே கிடந்தன. சைக்கிள்காரர்களும் அதன்மேல் ஓட்டிப் பழகிக்கொண்டார்கள்.

அட்டை பதிவுத் தபாலில் போயிற்று. சேர்மதுரையே கூப்பிட்டான்.

"கிடைச்சுதுக்கா. இந்தப் பிரிவுல ஏழு வருஷமா இருக்கேன். இத ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்ல. இதுக்குப் பதிவு போட ஒரு கட்டமே இல்ல, பாத்துக்கிடுங்க. காணாமப் போச்சுன்னு போடலாமேன்னு மேலதிகாரிங்க சொன்னாவ. திருப்பிக் கொடுத்தாச்சுன்னே போட்டுட்டேன்."

"அனுமதி?"

"போட்டாச்சு," என்றான். அவன் குரலில் ஏதோ இருந்தது. பொறாமை என்று சொன்னால் தப்பாகப் படும்; ஆனால் வெண்பாவுக்கு அப்படித்தான் பட்டது.

பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினார்கள். பின் இருக்கைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, நாற்காலியை அங்கே வாரால் இறுக்கிக் கட்டி, அதிலேயே செவ்வந்தி உட்கார்ந்தாள். இடித்துக்கொண்டு பக்கத்தில் வேந்தன். மடியில் பொங்கல் தூக்கு. ஹூப்ளியிலும் நாசிக்கிலும் இறங்கி மின்சாரம் ஏற்றிக்கொண்டார்கள். ராஜ்கோட்டில் தங்கி, அடுத்த நாள் காலையில் வடக்கே பறந்தார்கள். வயல்கள் மெலிந்தன, முள்செடிகள் மெலிந்தன, பிறகு கீழே நிறமே இல்லாமல் போயிற்று. அடிவானம் வரை வெள்ளை. உப்பு லாரிகள் ஓடித் தேய்ந்த தரையில் வெண்பா விமானத்தை இறக்கினாள். சக்கரங்களுக்கடியில் உப்பு நொறுநொறுவென்று பேசியது.

வேந்தன் குதித்து இறங்கி நாலாபுறமும் பார்த்தான். "நெசமாவே ஒண்ணுமில்லடா சாமி," என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

நாற்காலியைப் பலகை போட்டு இறக்கினார்கள். விமானத்தின் ரேடியோவோடு பேசும் காதுக்கருவியைச் செவ்வந்தி கழற்றவில்லை. தரையை ஒருமுறை குனிந்து பார்த்தாள். கைப்பிடியில் இருந்த விசையை முன்னால் தள்ளினாள்.

நாற்காலி போயிற்று. படி இல்லை, வாசல் இல்லை, கல் இல்லை, வழிவிடுங்க என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐம்பது அடி போனது, நூறு அடி போனது. வேகமாகத்தான் போனாள். நேர்கோட்டில் இவ்வளவு தூரம் அவள் தன் வாழ்நாளில் போனதில்லை. பள்ளிக்கூட வராந்தாவே முப்பது அடிதான்.

"அம்மிணி, போதும்! திரும்பி வா!" என்று தரணிதரன் கத்தினார். பின்னாலேயே ஓடக் காலெடுத்தார்.

வெண்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய உடு. பேட்டரி தீர்ந்துருச்சுன்னா?" என்றார் அவர்.

"தீர்ந்தா நடந்து போய்த் தள்ளிட்டு வருவோம். இப்ப அவளப் போக உடுங்க," என்றாள் வெண்பா.

அவளுக்கும் பயம்தான். மகள் ஒரு கட்டைவிரல் அளவானாள், பிறகு ஒரு எறும்பு அளவானாள். பெற்றவளுக்குப் பதினான்கு வருஷமாகப் பழகிய தூரம் ஒரு கை நீளம். இப்போது ஒரு கிலோமீட்டர் இருக்கும். வெண்பாவின் கண்களில் தண்ணீர் வந்தது. அது உப்பு வெளிச்சத்தால் மட்டும் அல்ல.

ரேடியோ கரகரத்தது. இறங்கிய விமானத்தை வாரியம் கூப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி.

"பொள்ளாச்சி விமானம், இறங்கிட்டீங்களா? நான் சேர்மதுரை."

"இறங்கிட்டோம் தம்பி. நாலு பேரும் நல்லா இருக்கறோம்."

"பாப்பா?"

"அக்கட்ட எங்கயோ போயிட்டிருக்கறா. புள்ளியாட்டம் தெரியறா."

"தனியாவா?"

"தனியா."

அலுவல் குரலை விட்டுவிட்டு, அவன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, ஒரு உதவி. விதிப்படி கேக்கக்கூடாது. உங்க மகனோட பட்டை இன்னும் பதிவுல இருக்கு. அத அவரு ஒரு அஞ்சு நிமிஷம் கட்டிக்கிட்டு, அந்தப் புள்ள பின்னால நடந்தா... நான் இங்கேருந்து பாத்துக்கிடுவேன்."

"நீங்களா?"

"பதினோரு வருஷமாச்சு, நான் வாசப்படி தாண்டி. பதினெட்டு வயசுல மரத்துலேர்ந்து விழுந்தேன். இந்த ஆபீசுக்கு நான் ஒருநாளும் போனதில்லக்கா. அங்க ஒருத்தரு பட்டையக் கட்டிக்கிட்டு என் மேசையில உக்காந்திருப்பாரு. அவரு கண்ணாலதான் உங்க படிவத்தப் படிச்சேன்."

வேந்தன் தானாகவே பையைத் திறந்து பட்டையைத் தேட ஆரம்பித்தான். தரணிதரன்கூட, "கட்டிக்கடா, பாவம்," என்றார்.

"வேண்டாமுங்ணா," என்றது ரேடியோ.

செவ்வந்தியின் குரல். காதுக்கருவியில் எல்லாமே கேட்டிருக்கிறது. தூரத்துப் புள்ளி நின்றிருந்தது.

"எங்கண்ணன் கண்ணால பாத்தா உங்களுக்கு என்ற முதுகு தெரியும். அவ்ளோதான். நீங்க நேர்ல வாங்க."

"நானா? நான் எப்படி பாப்பா..."

"நான் வந்த மாதிரி. ரெண்டு நாற்காலியும் பக்கத்துப் பக்கத்துல போலாம். எடம் கெடக்குது. எவ்வளவு எடம்னு உங்குளுக்குச் சொன்னாப் புரியாது, அதுக்குத்தான் வரணும்."

சேர்மதுரை சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. "பாப்பா, நான் மனுப் போட்டா அது எங்க வரும்னு நெனைக்க? என் மேசைக்குத்தான் வரும். அட்டை உள்ளவன், வீட்டுப் பயணி, அனுமதி இல்லன்னு எழுத வேண்டியது நாந்தான். ஏழு வருஷத்துல நாலாயிரம் பேருக்கு எழுதியிருக்கேன்."

"அப்ப இனிமே எழுதாதீங்க," என்றாள் செவ்வந்தி.

காற்று உப்பின் மேல் வழித்துக்கொண்டு போனது. வெண்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து, "தம்பி, இருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன். ஒரு நிமிஷம் லைன வச்சிராதீங்க," என்றான் அவன். "என் அட்டையத் தேடுதேன்."

திசையன்விளையில் ஒரு வீட்டு மேசையின் இழுப்பறை திறக்கும் சத்தம், பாலைவனத்தில் நின்ற நாலு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.